5 கிலோவாட் சோலார் பேனல் போட்டா 5 கிலோவாட் பேட்டரி போதும்ல?

பிப்ரவரி 2, ராத்திரி 9.40

ஒருத்தர் கேட்டத அப்படியே போடறேன்: "ஊருக்கு வெளிய ஒரு வீடு, சுத்தி கொஞ்சம் தோட்டம், ஒரு மோட்டார். லைன் கரண்ட் இருக்கு, ஆனா நெனச்சப்ப போயிடும். 5 கிலோவாட் பேனல் போடச் சொல்றாங்க. அப்ப 5 கிலோவாட் பேட்டரி வச்சா சரியா இருக்கும்ல? ராத்திரி முழுக்க ஓடுமா?"

ஓடுமா ஓடாதான்னு இத வச்சு யாராலயும் சொல்ல முடியாது சார். கிலோவாட்ங்கறது வேகம், யூனிட்ங்கறது அளவு. குழாய் வாய் எவ்ளோ பெருசுங்கறது ஒண்ணு, தொட்டி எவ்ளோ கொள்ளும்ங்கறது வேற. பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் கிலோவாட் சொல்லலாம், பேட்டரிக்கு யூனிட் சொல்லணும், அதாவது கிலோவாட் அவர், கிலோவாட்ட மணி நேரத்தால பெருக்குனது. விக்கிறவங்க அஞ்சு அஞ்சுன்னு ஒரே மூச்சுல சொல்லிடறாங்க, கேக்கறவங்களுக்கும் அது ஜோடிப் பொருத்தம் மாதிரி தெரியுது. அந்த ரெண்டு அஞ்சுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். சாயந்திரம் 6 மணிக்கு மீட்டர் ரீடிங், மறுநாள் காலைல 7 மணிக்கு மீட்டர் ரீடிங். ஒரு வாரம் எழுதி அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் நான் என் கதைய சொல்லிட்டு இருக்கேன்.

பிப்ரவரி 3, காலைல

"பில்லுல மாசத்துக்கு எத்தனை யூனிட்னு இருக்கே, அத 30ஆல வகுத்தா போதாதா"ன்னு இன்னொருத்தர். பேனலுக்குப் போதும். பேட்டரிக்குப் போதாது. பகல்ல ஓடுறது பேனல்ல இருந்து நேரா போயிடும், பேட்டரிய தொடவே தொடாது. பேட்டரிக்கு வேலையே சூரியன் மறைஞ்சப்புறம்தான். பில்லுல ராத்திரி தனியா இருக்காது, அதனாலதான் மீட்டர பாக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 4, மத்தியானம்

என் கணக்கு. போன வருஷம் ஒரு நோட்டுல எழுதுனது, அடிச்சு திருத்துனதெல்லாம் அப்படியே இருக்கு.

ஃபிரிட்ஜ், பிளக் மீட்டர் மாட்டி பாத்தேன், ஒரு நாளைக்கு 1.3 யூனிட். ஃபேன் மூணு, பழைய மாடல், ஒண்ணு 70 வாட், தலைக்கு 8 மணி நேரம்னு வச்சா 1.7. லைட்டெல்லாம் சேத்து 0.4. மோடமும் கேமராவும் 25 வாட்தான் ஆனா தூங்கவே தூங்காது, 0.6. மோட்டார் 1 எச்பி, லைன்ல இருந்து இழுக்கறது 1.1 கிலோவாட் கிட்ட, ஒரு மணி நேரம், 1.1. லேப்டாப் 0.5, வாஷிங் மெஷின் 0.5. மொத்தம் 6 யூனிட்டுக்கு கொஞ்சம் மேல.

இதுல ராத்திரிப் பங்கு மட்டும், 6 மணில இருந்து காலைல 7 வரைக்கும்: ஃபிரிட்ஜ் 0.7, ஃபேன் 1.3, லைட் 0.4, மோடம் 0.3. ஆக 2.7. லித்தியம் பேட்டரி ஒண்ணு, 51.2 வோல்ட் 100 ஆம்ப் அவர், பெருக்குனா 5.12 யூனிட். அதுல 80 சதவீதம்தான் எடுக்கறோம்னு வச்சாலும் 4.1. இன்வெர்ட்டர்ல பத்து சதவீதம் போனா 3.7. தேவை 2.7, இருக்கறது 3.7, ஒரு யூனிட் மிச்சம். ஒரே பேட்டரியோட முடிச்சேன். அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா தூங்குனேன்.

பிப்ரவரி 4, ராத்திரி

மேல எழுதுனது தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன், யாராவது புடிக்கறாங்களான்னு பாக்கலாம்னு, யாரும் புடிக்கல.

இன்வெர்ட்டரே ஒரு லோடு. வீட்டுல ஒரு லைட்டு கூட எரியலன்னாலும் அது சும்மா உக்காந்து சாப்புடும். நான் எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு பேட்டரி கேபிள்ல டிசி கிளாம்ப் மீட்டர, அதான் கம்பிய கவ்வி எத்தனை ஆம்ப் ஓடுதுன்னு காட்டறது, அத போட்டு பாத்தேன், 1.2 ஆம்ப். 51 வோல்ட்டால பெருக்குனா 61 வாட். 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். என் ஃபிரிட்ஜ விட அதிகம்! ராத்திரிக்கு மட்டும் 0.8. அப்ப 2.7 இல்ல, 3.5. என்கிட்ட இருந்தது 3.7. மிச்சம்னு நெனச்ச அந்த ஒரு யூனிட் எங்க போச்சுன்னு இப்ப புரியுதா.

முத ரெண்டு வாரம் ஓடுச்சு. மூடாக்குப் போட்ட ஒரு நாள், சாயந்திரம் பேட்டரி 70லதான் நின்னுச்சு, விடிகாலைல ரெண்டு மணிக்கெல்லாம் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சது. லைன் கரண்டும் அந்நேரம் பாத்து இல்ல. அடுத்த மாசமே ரெண்டாவது பேட்டரி. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்குறவங்க அதோட தாள்ல நோ லோடு கன்சம்ப்ஷன்னு ஒரு வரி இருக்கும், அத மொதல்ல பாருங்க. தேவை 2 கிலோவாட்டா இருக்கறப்ப பெருமைக்கு 10 கிலோவாட் வாங்குனா அதோட சும்மா தீனியும் பெருசு.

பிப்ரவரி 7

ஆசிட் பேட்டரியா லித்தியமான்னு நாலு பேர் கேட்டாச்சு. எங்கிட்ட மொதல்ல இருந்தது ஆசிட்தான். 12 வோல்ட் 150 ஆம்ப் அவர் நாலு, வரிசையா கோத்தா 48 வோல்ட், 7.2 யூனிட். கேக்க நல்லா இருக்கும். ஆனா பாதிக்கு மேல இறக்குனா ஆயுசு குறையும், அதனால கைல இருக்கறது 3.6தான். அதுலயும் 150ங்கறது 20 மணி நேரத்துல மெதுவா எடுத்தா கெடைக்கற கணக்கு, அதான் சி20ன்னு எழுதியிருக்கும். அஞ்சு மணி நேரத்துல உறிஞ்சுனா அவ்ளோ தராது. சோலாருக்குன்னா சி10ல, அதாவது பத்து மணி நேரத்துல எடுத்தா, எவ்ளோன்னு கேட்டு வாங்கணும், அத யாரும் எனக்குச் சொல்லல, நானும் கேக்கல.

என்னுது மூணு வருஷத்துல போச்சு. டிஸ்டில்டு வாட்டர் ஒழுங்கா ஊத்துனேன், அதுல குறை இல்ல. ஆனா மழை நாள்ல பாதி சார்ஜுலயே வாரக்கணக்கா கெடந்தது. பாதி சார்ஜுல போட்டு வச்சா தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் குடுத்தாலும் அது கரையாது. ஷெட்டு வேற தகர ஷெட்டு, உள்ள வெந்து போகும். 25 டிகிரிக்கு மேல பத்து டிகிரி ஏறுனா ஆசிட் பேட்டரி ஆயுசு பாதின்னு ஒரு கணக்கு இருக்கு, நான் அத செலவழிச்சு தெரிஞ்சுக்கிட்டேன்.

லித்தியத்துலயும் வீட்டுக்குன்னா எல்எஃப்பி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல்லுக்கு 3.2 வோல்ட், பதினாறு செல், அதான் 51.2. பாதி சார்ஜுல கெடந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, இன்னும் சொல்லப்போனா அதுக்கு அதான் சௌகரியம். நாலாயிரம் ஆறாயிரம் சைக்கிள்னு எழுதியிருப்பாங்க, ஒரு தடவ ஏத்தி இறக்குனா ஒரு சைக்கிள். பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது, குளிர் பிரதேசத்துல இருக்கறவங்க அத கவனிங்க. இந்த வேதியியல 1990கள்ல கண்டுபுடிச்சது ஜான் குட்இனஃப் குழு, லித்தியம் பேட்டரி வேலைக்காக அவருக்கு நோபல் கெடைச்சது 2019ல, அப்ப அவருக்கு 97 வயசு. என் ஆசிட் பேட்டரி மூணு வருஷம்.

பிப்ரவரி 8

நேத்து ஒண்ணு விட்டுட்டேன். எல்எஃப்பிய 80 சதவீதத்துலயே நிறுத்தி வச்சா ரொம்ப நாள் வரும்னு ஒருத்தர் சொல்றார், நானும் அப்படித்தான் ரெண்டு மாசம் வச்சிருந்தேன். ஒரு நாள் திரைல 40 சதவீதம்னு காட்டிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சது. எல்எஃப்பிக்கு நடுவுல வோல்டேஜ் கோடு தட்டையா இருக்கும், வோல்ட்ட வச்சு எத்தனை சதவீதம்னு கண்டுபுடிக்க முடியாது, உள்ள போறதயும் வெளிய போறதயும் எண்ணித்தான் பிஎம்எஸ், அதான் பேட்டரிக்குள்ள இருந்து அத பாத்துக்கற சர்க்யூட், சொல்லுது. எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமா வழுக்கும். முழுசா ஏறுனாத்தான் அது தன்ன சரி பண்ணிக்கும், செல்லுங்களும் அப்பத்தான் சமமாகும். இப்ப வாரத்துக்கு ஒரு தடவயாவது 100 தொட விடறேன்.

பிப்ரவரி 8, கொஞ்ச நேரம் கழிச்சு

பேட்டரின்னதும் இது ஞாபகம் வந்தது. ஆசிட் பேட்டரி இருந்தப்ப ஒரு நாள் ஷெட்டுக்குள்ள பிளாஸ்டிக் கருகுன வாசம். தீ இல்ல, புகை இல்ல. ஒவ்வொரு டெர்மினலுக்கும் கிட்ட புறங்கைய கொண்டு போனேன், மூணாவது பேட்டரி பாசிட்டிவ் கிட்ட வெக்கை அடிக்குது. லக்குக்கு, அதான் கம்பி நுனில இருக்கற உலோக வளையம், அதுக்கு மேல இருந்த செவப்பு ஸ்லீவ் பழுப்பா மாறி சுருங்கி, ஓரத்துல ஒரு கொப்புளம். நட்டு விரலாலயே அரை சுத்து திரும்புச்சு. மாட்டுனவங்க அத முறுக்கவே இல்ல.

மீட்டர வச்சு அந்த ஜாயிண்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்தப்ப 0.2 வோல்ட். என்ன பெருசுன்னு தோணும். 60 ஆம்ப் ஓடுறப்ப அது 12 வாட், அவ்வளவும் ஒரு நட்டுக்குள்ள சூடா. சால்டரிங் அயர்ன வச்ச மாதிரிதான். அதுல இருந்து டார்க் ரென்ச் (எவ்ளோ முறுக்குறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) இல்லாம பேட்டரி பக்கம் போறதில்ல, மாட்டி ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவ முறுக்கு பாக்கறேன்.

12 வோல்ட் சிஸ்டம் போடலாமான்னு கேட்டவருக்கும் இதுலயே பதில் இருக்கு. 2400 வாட் எடுக்க 12 வோல்ட்ல 200 ஆம்ப், 48 வோல்ட்ல 50 ஆம்ப். கரண்ட் நாலு மடங்குன்னா அதே கம்பில சூடு பதினாறு மடங்கு. ஒரு வண்டிக்குள்ள ரெண்டு லைட்டு எரியணும்னா 12 வச்சுக்கோங்க, வீட்டுக்கு வேணாம்.

பிப்ரவரி 11

பேனல் கணக்கு. ஒரு நாளைக்கு எனக்கு 7.5 யூனிட் வேணும், இன்வெர்ட்டர் தீனியும் சேத்து. நல்ல வெயில் மணி நேரம்னு ஒரு கணக்கு உண்டு, நாள் முழுக்க அடிக்கற வெயில உச்சி வெயிலா சுருட்டுனா எத்தனை மணி நேரம் வரும்ங்கறது. என் இடத்துக்கு 4.5. சூடு, தூசி, கம்பி, எல்லாத்துக்கும் கால் பங்கு கழிச்சா 7.5 ஐ 3.4ஆல வகுக்கணும், 2.2 கிலோவாட். ஆனா அது நல்ல நாளுக்கு. மூடாக்கு நாளையும் மனசுல வச்சு ஆறு பேனல், தலா 550, 3.3 கிலோவாட்.

"550ன்னு எழுதியிருக்கு, 420க்கு மேல வர மாட்டேங்குது, ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரு புலம்பல் வந்திருக்கு. ஏமாத்தல. 550ங்கறது செல் 25 டிகிரில இருக்கறப்ப, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்துல அளந்தது. வெயில்ல காயற பேனல் 65 டிகிரி போகும், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கயே காலி, 473. வெளிச்சம் 900தான்னா 425. உங்க பேனல் யோக்கியமான பேனல்.

கோக்கறது எப்படின்னா, என் சார்ஜ் கன்ட்ரோலர், அதான் பேனல் கரண்ட பேட்டரிக்குத் தோதா மாத்தி ஏத்தற பெட்டி, 150 வோல்ட் வரைக்கும் தாங்கும். பேனல் முதுகுல வோல்டேஜ் ஓப்பன் சர்க்யூட், அதாவது எதுலயும் மாட்டாம சும்மா இருக்கறப்ப வர்ற வோல்ட், 49.8ன்னு போட்டிருக்கு. மூணு பேனல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒரே வரிசைல கோத்தா வோல்ட் கூடும், 149.4. அளவெடுத்து தச்ச மாதிரி உக்காருது, மூணு மூணா ரெண்டு வரிசை.

பிப்ரவரி 11, ராத்திரி

ஒருத்தர் உடனே எழுதிட்டார், "அண்ணே, குளிர் காலைல என்ன ஆகும்?" நன்றி தம்பி. இந்தத் தடவ நான் சோதிக்கல, நெஜமாவே நோட்டுல அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன், வயரிங் பண்ண வந்த பையன்தான் அன்னிக்குத் தடுத்தான்.

சூடு ஏறுனா பேனல் வோல்டேஜ் குறையும், குளிர்ந்தா ஏறும். டிகிரிக்கு 0.27 சதவீதம்னு வச்சுக்கோங்க. விடிகாலைல 10 டிகிரி, லேபிள் சொல்ற 25ல இருந்து 15 டிகிரி கீழ, 4 சதவீதம் கூடும், 149.4 போய் 155 ஆயிடும். மொத வெளிச்சம் பட்டதும் கன்ட்ரோலர் உள்ள என்னமோ சத்தம் கேக்கும், அதோட சரி, வாரண்டியும் கெடையாது. இவ்ளோ நெருக்கமா போடவே கூடாது. ரெண்டு ரெண்டா மூணு வரிசைன்னு மாத்தியாச்சு, 99.6 வோல்ட்.

பிப்ரவரி 12

மாத்துனதும் வேற ஒரு சிக்கல் வந்தது, அதயும் சொல்லிடறேன். ரெண்டு வரிசை பாரலல்ல இருந்தா ஃபியூஸ் இல்லாமலும் தப்பிக்கலாம். மூணு வரிசை ஆச்சுன்னா முடியாது. ஒரு வரிசைல ஷார்ட் ஆச்சுன்னு வைங்க, மத்த ரெண்டும் சேந்து அதுக்குள்ள கரண்ட தள்ளும், 14 ஆம்ப் வீதம் 28. பேனல் முதுகுல மேக்ஸிமம் சீரிஸ் ஃபியூஸ் 25 ஆம்ப்னு எழுதியிருக்கு. 28 உள்ள போனா பேனல் கம்பி தாங்காது. அதனால வரிசைக்கு ஒரு டிசி ஃபியூஸ், மூணு வரிசையயும் ஒண்ணா சேக்க ஒரு கம்பைனர் பாக்ஸ்.

வீட்டுல போடற சாதாரண எம்சிபிய அங்க மாட்டாதீங்க. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவயாவது பூஜ்யத்த தொட்டுட்டு வரும், அந்த நேரத்துல பொறி அணைஞ்சிடும். டிசி தொடவே தொடாது, பொறி இழுத்துக்கிட்டே எரியும். லித்தியம் பேட்டரி பக்கத்துல இன்னும் மோசம், ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் கொட்டும், அங்க கிளாஸ் T ஃபியூஸ், அவ்ளோ ஆம்ப்பயும் அறுத்து நிறுத்தற வகை.

பிப்ரவரி 15

நிழல். பேனல் எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க மொட்டை மாடில உக்காந்தேன். மணிக்கு ஒரு தடவ தண்ணித் தொட்டி நிழல் எங்க விழுதோ அத சாக்பீஸால சுத்தி கோடு போட்டேன், பக்கத்துல மணி எழுதினேன். சாயந்திரம் பாத்தா தரை பூரா கோணல் கோணலா வட்டம். 3 மணி வட்டம் நான் பேனல் வைக்கலாம்னு குறிச்ச இடத்துல ஒரு மூலைய கவ்வுது. மூலைதானேன்னு விட முடியாது, வரிசைல ஒரு பேனல் மூச்சு திணறுனா அதே கரண்ட்தான் மத்ததுலயும் ஓடணும். உள்ள பைபாஸ் டயோடு மூணு இருக்கும், அது நிழல் பட்ட மூணுல ஒரு பங்க தாண்டி விட்டுடும், முழு நஷ்டத்துல இருந்து காப்பாத்தும், ஆனா நஷ்டம் நஷ்டம்தான். ரெண்டடி தள்ளி வச்சேன், பிரச்சனை தீந்தது. இதுல ஒரு கோளாறு என்னன்னா சூரியன் வருஷம் பூரா ஒரே வழில போகாது, தாழ்வா போற மாசத்துல நிழல் நீளும். நான் கோடு போட்டது உயரமா போற மாசம். இப்ப 4 மணிக்கு மேல ஒரு ஓரத்த தொடுது. பரவால்ல, அந்நேரம் பேட்டரி நெறஞ்சிருக்கும்.

பிப்ரவரி 16

பேனல் தொடைக்க எத்தனை நாளுக்கு ஒரு தடவன்னு கேட்டவருக்கு: பறவை உக்காந்துட்டு போனதுக்கு அடுத்த காலைல. சும்மா சொல்லல, பரவலான தூசிய விட ஒரே எடத்துல கெடக்கற எச்சம்தான் மோசம். உச்சி வெயில்ல பச்சத் தண்ணி அடிக்காதீங்க.

பிப்ரவரி 19

மோட்டார பேட்டரில ஓட்டணுமான்னு கேள்வி. ஓட்டாதீங்க. பகல் 11 மணிக்கு டைமர் போட்டு விடுங்க, பேனல் நேரா ஓட்டும், தொட்டி நெறையும், ராத்திரி குழாயத் திறந்தா தண்ணி வரும். ஒரு வகைல பாத்தா தொட்டியும் ஒரு பேட்டரிதான், சைக்கிள் கணக்கு கெடையாது, பிஎம்எஸ் கெடையாது.

பிப்ரவரி 20

பேட்டரின்னு நான் வாய்தவறி சொன்னத புடிச்சுக்கிட்டு ஒருத்தர், "அப்ப தொட்டில இருந்து இறங்குற தண்ணில சின்ன டர்பைன் வச்சு லைட் எரிக்கலாமே" ங்கறார். கணக்கு போட்டேன். ஆயிரம் லிட்டர், பத்து மீட்டர் உயரம், மொத்தம் 27 வாட் அவர். யூனிட் இல்ல, வாட் அவர். 9 வாட் பல்பு மூணு மணி நேரம், அதுவும் டர்பைன் ஒண்ணுமே வீணாக்கலன்னா. என் ஒரு பேட்டரிக்கு ஈடா நூத்தி எண்பத்தெட்டு தொட்டி வேணும். தொட்டில சேமிக்கறது கரண்ட இல்ல, வேலைய. பகல்ல செஞ்சு முடிச்ச வேலைய ராத்திரி செய்ய வேண்டியதில்ல, அவ்ளோதான் நான் சொல்ல வந்தது.

பிப்ரவரி 23

ரெண்டு விஷயம் சேத்து.

ஒருத்தர் வீட்டுல பேனல் இருக்கு, பேட்டரி இல்ல, கொளுத்துற வெயில்ல லைன் கரண்ட் போனா சோலாரும் நின்னுடுதாம். ரிப்பேர் இல்ல. லைனோட கோத்த இன்வெர்ட்டர் அப்படித்தான் நிக்கணும், இல்லன்னா செத்த லைன்னு நம்பி கம்பத்துல ஏறுனவர் மேல உங்க கரண்ட் பாயும். லைன் போனாலும் வீடு ஓடணும்னா பேட்டரியோட ஹைபிரிட் இன்வெர்ட்டர், அது லைன துண்டிச்சிட்டு வீட்ட மட்டும் தனியா ஓட்டும்.

இன்னொண்ணு மோட்டார் ஸ்டார்ட். 1.1 கிலோவாட் மோட்டார் எழும்பறப்ப மூணுல இருந்து ஆறு மடங்கு இழுக்கும், அரை நொடிதான், ஆனா அந்த அரை நொடில 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஓவர்லோடுன்னு படுத்துடும். உள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கற கனமான இன்வெர்ட்டருங்க இத நல்லா தாங்கும், லேசா இருக்கறது அவ்வளவா தாங்காது. என்னுது கனமானது. தூக்க ரெண்டு பேர் வேணும், சும்மா தீனியும் அதனாலதான் ஜாஸ்தின்னு இப்ப தோணுது, முன்னாடி திட்டுனத கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கறேன்.

பிப்ரவரி 27

முத ஆள், 5க்கு 5 கேட்டவர், ரீடிங் அனுப்பிட்டார்! மூணு தடவ கேட்டதுக்கப்புறம். ஏழு ராத்திரி, சராசரி 9 யூனிட்.

9ஓட இன்வெர்ட்டர் தீனி 0.8, ஆக 9.8. இன்வெர்ட்டர்ல போற பத்து சதவீதத்தோட 10.9, 80 சதவீதக் கணக்குல 13.6. 5.12 பேட்டரி மூணு. அவர் வாங்க இருந்தது ஒண்ணு. பதினோரு மணிக்கு முன்னாடியே இருட்டாயிருக்கும்.

ஆனா 9 எனக்கு உறுத்துது. ஏசி கெடையாதுங்கறார். என்ன ஓடுது? ஒரு ராத்திரி மட்டும் மணிக்கு ஒரு தடவ ரீடிங் எடுக்க முடியுமான்னு கேட்டேன். தூங்க வேணாமான்னு கேக்கறார். நியாயம்தான். படுக்கப் போறப்ப ஒண்ணு, தண்ணி குடிக்க எழுந்தா ஒண்ணு, விடிஞ்சதும் ஒண்ணுன்னு பேசி முடிச்சோம்.

மார்ச் 5

கெடைச்சிடுச்சு. அஞ்சு மணில இருந்து ஏழுக்குள்ள 3 யூனிட், வாட்டர் ஹீட்டர், 2 கிலோவாட், வீட்டுல எல்லாரும் வரிசையா குளிக்கறாங்க. நடு ராத்திரில 1 யூனிட், மோட்டார், தொட்டில மிதவை சுவிட்ச் இருக்கு, யாரோ படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி புடிக்கறாங்க, மட்டம் இறங்குனதும் அது பாட்டுக்கு ஓடுது. அவருக்கே தெரியாது.

மோட்டாருக்கு பகல் டைமர். ஹீட்டர மத்தியானம் 2 மணிக்கு சூடாக்கி வைக்கச் சொன்னேன், இன்சுலேஷன் நல்லா இருந்தா காலைலயும் குளிக்கற சூடு இருக்கும். நேத்து வந்த ரீடிங் 5.1. அதோட இன்வெர்ட்டர் தீனி 0.8, ஆக 5.9. பேட்டரி ரெண்டு, 7.4 கெடைக்கும். மூணாவது வேணாம்.

"தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு, வீட்டுல திட்டறாங்க"ன்னு கீழ ஒரு வரி எழுதியிருக்கார். ஹீட்டர் தெர்மோஸ்டாட்ட அஞ்சு டிகிரி ஏத்திப் பாக்கச் சொல்லியிருக்கேன்.